‘வரேன்’ என்று சொல்லாதவர்

அவளுக்குப் பெற்றோர் இட்ட அழகிய பெயர் ஒன்று உண்டு. பள்ளிச் சான்றிதழில் அது பத்திரமாக இருக்கிறது. ஆயினும் தெருவில் நின்று அப்பெயரைச் சொல்லி அழைத்தால் அவள் திரும்பிப் பார்ப்பாளா என்பது ஐயமே. ‘டெஸ்டர்’... அதுதான் எல்லோருக்கும் தெரிந்த பெயர். மற்றப் பெண்கள் கொண்டை ஊசி செருகுமிடத்தில் அவள் மஞ்சள் நிறப் பிடியுடைய மின்சார டெஸ்டர் ஒன்றைச் செருகி, அதைச் சுற்றிக் கூந்தலை முறுக்கி வைத்திருப்பாள். வேலையின் நடுவே தேவைப்பட்டால் சட்டென உருவுவாள். கூந்தல் சரிந்து தோளில் விழும். வேலை முடிந்ததும் பழையபடி முறுக்கிச் செருகிக்கொள்வாள்.

அண்ணனுடைய டயர்க் கடையின் பின்கட்டில், சன்னலோரமாக ஒரு நீண்ட மேசை. அதுவே அவளது உலகம். காரில் வைத்துக்கொண்டு போகும் சிறிய காற்றடிக்கும் கம்ப்ரசர்கள், சார்ஜர்கள், கைப்பம்புகள் எல்லாம் அங்கே வாய் பிளந்து கிடக்கும். எதையும் எளிதில் நம்பிவிடமாட்டாள் என்பது அவளுடைய இயல்பு. மீட்டரில் முள் சரியாக நிற்கிறதே என்று யாராவது சொன்னால் சிரிப்பாள்.

“சும்மா கெடக்கறப்போ எல்லா வயரும் பன்னெண்டு வோல்ட்டு காட்டும்ங்க. லோடு ஏத்திப் பாத்தாத்தான் அதோட வண்டவாளம் தெரியும்.”

வயருக்கு மட்டுமன்று, வரன்களுக்கும் அவள் இந்த அளவுகோலையே வைத்திருந்தாள். அண்ணிக்கு அதில் பெரும் மனக்குறை.

“மாப்பிள்ளை ரொம்ப சாதுவாம்டி. அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாராம்.”

“சும்மா இருக்கறப்போ யாரு அண்ணி அதிர்ந்து பேசப்போறா? லோடு ஏத்திப் பாத்தாங்களாமா?”

“உன்னைக் கட்டி வெச்சாத் தெரிஞ்சிட்டுப் போவுது. உன்னைவிடப் பெரிய லோடு எங்க இருக்கு?”

இவ்வாறு சிரித்துப் பேசிக்கொண்டாலும், தந்தை மறைந்தது முதல் அந்தப் பேச்சு அதற்குமேல் நகர்வதில்லை. இருட்டு என்றால் ஆகாத மனிதர் அவர். உறங்கும்போதும் தலைமாட்டில் ஒரு சிறு விளக்கு எரிந்துகொண்டே இருக்கவேண்டும். அவர் போனபின்பும் அந்த விளக்கை அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை. ‘நான் ஒரு வீட்டுக்குப் போய்விட்டால் இதை யார் ஏற்றுவார்கள்...’ என்று அவள் நினைத்தாள். அண்ணனிடம் அதைச் சொல்லவும் முடியவில்லை. தந்தையைப் பற்றிய பேச்சு எழுந்தாலே அவன் எழுந்து கடைக்குள் போய்விடுவான்.

அன்று காலையிலிருந்தே மழை. கூரைத் தகரத்தில் விழும் ஒலி ஒருநேரம் தாளமாகவும், ஒருநேரம் யாரோ விம்முவது போலவும் கேட்டுக்கொண்டிருந்தது. வாசலில் நிழல் விழ, டெஸ்டர் நிமிர்ந்தாள்.

தோள் நனைய ஒருவன் நின்றான். மார்போடு அணைத்த துணிப்பையில் ஏதோ இருந்தது. தான் நனைந்தாலும் பை நனையவில்லை. அவள் முதலில் கண்டது அவன் கண்களைத்தான். பெரிய கண்கள்... நெடுங்காலம் பிறர் துயரத்தைப் பார்த்துப் பார்த்து, அதனாலேயே ஆழ்ந்துபோன கண்கள். அவை அவளைக் கண்டதும் ஒரு கணம் விரிந்தன. ஏதோ சொல்ல வந்தன. அடுத்த கணமே தரையை நோக்கித் தாழ்ந்துவிட்டன.

“ஏங்க... இங்க கம்ப்ரசர் பாப்பாங்கன்னு சொன்னாங்க.”

“பாப்பாங்க. உள்ள வாங்க சார், நனையறீங்களே.”

“பரவால்லங்க. இங்கயே நிக்கறேன்.”

அவன் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. உறங்கும் குழந்தையின் அருகே பேசுவது போன்ற குரல். ஆனால் முகத்தை மட்டும் அவன் நிமிர்த்தவேயில்லை. ‘என் மூஞ்சியில அப்படி என்ன எழுதி ஒட்டியிருக்கு...’ என்று எண்ணியவாறு அவள் கருவியை வாங்கினாள்.

“என்ன செய்யுது?”

“ஒண்ணும் செய்ய மாட்டேங்குது. சுவிச்சைப் போட்டா சத்தமே இல்ல.”

மூடியைக் கழற்றினாள். மோட்டாரின் இரு முனைகளிலும் தன் மேசை பேட்டரியின் கிளிப்புகளை நேராகக் கவ்வவிட்டாள். அதுதான் அவள் வேலை செய்யும் முறை. காரில் இருப்பதைப் போன்று பிளக் செருகும் சாக்கெட் ஒன்று மேசையில் முன்பு இருந்தது. அது தேய்ந்துபோன பிறகு, கிளிப்பே விரைவானது என்று அவள் அப்படியே பழகிக்கொண்டாள். மோட்டார் அசையவில்லை. உள்ளே கார்பன் கட்டை தேய்ந்து, தூசியில் சிக்கி நின்றிருந்தது. அதை மாற்றித் துடைத்து மீண்டும் கிளிப்பைக் கவ்வவிட்டதும் கருவி உறுமிக்கொண்டு எழுந்தது. பழைய டயர் ஒன்றில் காற்றை நிரப்பிக் காட்டினாள்.

“கார்பன் போயிருந்துச்சு. இனிமே கவலையில்ல.”

“நல்லதுங்க” என்றான். பையை அணைத்துக்கொண்டு படியிறங்கி மழைக்குள் நடந்தான். அவ்வளவுதான்.

‘வரேன்’ என்று சொல்லவில்லை.

பால் ஊற்றுகிறவர் சொல்கிறார், தபால்காரர் சொல்கிறார், விலை கேட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர்கூட ‘வரேங்க’ என்று சொல்லாமல் படியிறங்குவதில்லை. மாடிப்படியில் நின்றிருந்த அண்ணியும் அதைக் கவனித்துவிட்டாள்.

“யாருடி அது? ‘வரேன்’னு ஒரு வார்த்தை சொல்லாமப் போறது?”

“வாயில முத்து வெச்சிருக்காரு போல அண்ணி. தொறந்தாக் கொட்டிடுமாம்.”

சொல்லிவிட்டாளே தவிர, அவன் தெருமுனையில் திரும்பி மறையும்வரை அவள் பார்வை அவன் முதுகிலேயே இருந்தது. கம்ப்ரசர் வைத்திருப்பவன் தன் வண்டியைக் கடை வாசலுக்குக் கொண்டுவராமல் மழையில் ஏன் நடந்து வருகிறான்...?

அடுத்த மழையோடு அவன் மீண்டும் வந்துவிட்டான். இம்முறையும் வாசற்படிக்கு வெளியேதான்.

“ஓடுச்சுங்க. ஆனா பாதியில நின்னுடுச்சு. கொஞ்ச நேரம் விட்டுட்டுப் போட்டா ஓடுது... மறுபடியும் நின்னுடுது. பிளக்கும் சுடுது.”

“மோட்டார் ஓடினா எல்லாந்தான் சார் சுடும்” என்றாள் அவள். மூடியைக் கழற்றிக் கிளிப்பைக் கவ்வவிட்டாள். கருவி ஓடிற்று. அவள் தேநீர் குடித்து முடிக்கும்வரை ஓடிற்று. அண்ணன் வந்து “என்ன இது, மாவு மில்லா?” என்று காதைப் பொத்திக்கொள்ளும்வரை ஓடிற்று. நிற்கவேயில்லை.

“மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. கோளாறு உங்க வண்டியிலதான். வண்டியக் கொண்டாங்க, பாத்துடலாம்.”

அவன் முகம் மாறியது.

“வண்டி... இங்க வர வேணாங்க.”

“ஏன்?”

அவன் தெருமுனைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். மழைநீர் அவன் காலடியில் சிறு ஓடையாக ஓடிக்கொண்டிருந்தது.

“வண்டியக் காட்ட மாட்டீங்க. ஆளைப் பாத்தும் பேச மாட்டீங்க. ஆனா என் வேலைய மட்டும் குறை சொல்லுவீங்க. அப்படித்தானே?”

“குறை சொல்லலைங்க. நடந்ததச் சொன்னேன்.”

“நான் லோடு ஏத்திப் பாக்காம ஒரு மெஷினையும் குடுக்கறதில்ல சார். என் மேசையில ஓடுது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

அவன் கருவியை எடுத்துக்கொண்டான். போகும்முன் ஒரே ஒரு முறை நிமிர்ந்து பார்த்தான். அதில் கோபம் இருந்திருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். கோபம் இல்லை. ‘உன் மனம் நோகக்கூடாது’ என்று கெஞ்சுவது போன்ற ஒரு பார்வை... அது ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. இம்முறையும் ‘வரேன்’ இல்லை. அன்று மாலை முழுதும் கொண்டையிலிருந்த டெஸ்டரை உருவுவதும் செருகுவதுமாக அவள் அமைதியின்றி இருந்தாள். ‘இனிமே எதுக்கு வரப்போறாரு...’ என்று நினைத்தபடியே தெருமுனையை எட்டிப் பார்த்தாள். இது என்ன புதுப் பழக்கம் என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

சில நாள் கழித்து, உதிரிப் பொருள்கள் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் அவள் திரும்பிக்கொண்டிருந்தாள். புறவழிச் சாலையில் மழை சாய்வாக அடித்தது. ஓரத்தில் வெள்ளை வண்டி ஒன்று ஒருபுறமாகச் சாய்ந்து நின்றது. நீண்ட கண்ணாடிகள். பக்கவாட்டில் கறுப்பு எழுத்துகள். அமரர் ஊர்தி.

பின்சக்கரத்தின் அருகே முழங்காலிட்டிருந்தவனை அவள் முதுகைக் கொண்டே அடையாளம் கண்டாள்.

ஸ்கூட்டர் தானாக நின்றது போல நின்றது. வண்டியின் திறந்த கதவருகே, தலையில் துண்டு போட்ட ஒரு பெரியவர் நின்று, “இன்னும் எவ்வளவு நேரம் தம்பி? அங்க எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க... அவளுக்கு மழைன்னாலே ஆகாதுப்பா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே வெள்ளைத் துணி போர்த்து அவருடைய மனைவி படுத்திருந்தாள்.

“ஆச்சுங்க ஐயா... இதோ ஆச்சு” என்றான் அவன். அதே தாழ்ந்த குரல். மாற்றுச் சக்கரத்தையும் முன்பே மாட்டியாகிவிட்டது. அதிலும் காற்று இறங்கியிருந்தது. கம்ப்ரசர் சற்று ஓடியது... நின்றது. சுவிச்சை அவன் மீண்டும் மீண்டும் தட்டினான்.

டெஸ்டர் ஸ்கூட்டரைவிட்டு இறங்கி ஓடினாள். மழையில் மண்டியிட்டு, வண்டியின் முன்புறச் சாக்கெட்டிலிருந்து பிளக்கை இழுத்தாள். விரல் சுரீரென்று சுட்டது. நுனியைத் திருகிப் பார்த்தாள். உள்ளேயிருந்த ஃபியூஸின் மூடி கறுத்திருந்தது. அதைத் தாங்கும் சிறு ஸ்பிரிங் வெந்து தளர்ந்து, உயிரற்றுக் கிடந்தது. கொதித்தால் விட்டுவிடும். குளிர்ந்தால் தொட்டுக்கொள்ளும். ஓடும்... நிற்கும்... ஓடும்...

பிளக் சுடுகிறது என்று இவர் சொன்னாரே!

அவளுடைய மேசையில் இந்தப் பிளக் ஒருநாளும் வேலை செய்ததில்லை. கிளிப்பை நேராக மோட்டாரில் கவ்வவிட்டு, கோளாறு இருந்த இடத்தையே தாண்டிச் சென்று, கோளாறு இல்லை என்று தீர்ப்பும் சொல்லியிருக்கிறாள். லோடு ஏற்றிப் பார்ப்பதாகப் பெருமை வேறு.

“என் தப்பு” என்றாள். பெரியவருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள். “கோளாறு பிளக்குலதான். நீங்க சொன்னீங்க, நான் காதுல வாங்கல.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அதற்குள் பிளக்கை வெட்டியெறிந்துவிட்டாள். ஸ்கூட்டர்ப் பெட்டியிலிருந்து, நடுவில் ஃபியூஸ் பொருத்திய தன் கிளிப் வயரை எடுத்து முறுக்கி இணைத்து, வண்டியின் பேட்டரியிலேயே நேராகக் கவ்வவிட்டாள். கருவி உறுமிற்று. நிற்கவில்லை. மெல்ல மெல்ல, சாய்ந்திருந்த வண்டி நிமிர்ந்தது. பெரியவர் இருகை கூப்பினார். அவளால் அதைப் பார்க்க இயலாமல் முகத்தை வண்டிக்குள் திருப்பினாள்.

அப்போதுதான் அதைக் கண்டாள்.

உள்ளே, உறங்குபவளின் தலைமாட்டுக்கு மேலே, சிறு விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதன் வயரில் மஞ்சள் டேப். முனையை உள்ளே மடித்து ஒட்டிய டேப். உரிக்க எளிதாக இருக்கட்டும் என்று அவள் ஒருத்தி மட்டுமே அப்படி மடிப்பாள்.

மழையின் ஓசை நின்றுபோனது போல் இருந்தது. இந்த வண்டி... அப்பா... அன்று அவள் கண்ணீருக்கிடையில் எதைச் செய்தாள், எதிரே நின்றது யார் என்று ஒன்றும் நினைவிலில்லை. விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருந்தது.

அவள் அவனை நோக்கினாள். இம்முறை அவன் கண்களைத் தாழ்த்தவில்லை. “நீங்க வீட்டுக்குப் போங்க. நனையாதீங்க” என்று மட்டும் சொன்னான். வெள்ளை வண்டி மழைக்குள் மெதுவாகச் சென்றது. கிளிப் வயர் அதனுடனேயே போய்விட்டது.

மறுநாள் நண்பகலில், வண்டியில் பெயர் எழுதியிருந்த மருத்துவமனையின் பின்புறக் கொட்டகையில் அவன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். புதிய சாக்கெட்டும் புதிய பிளக்குமாக அவள் வந்து நின்றதும் துணியைக் கையிலேயே பிடித்தபடி நின்றுவிட்டான்.

“நீங்க எதுக்குங்க இங்க...”

“மேசையிலேயே உக்காந்து தீர்ப்பு சொன்னது போதும்னு வந்தேன். நகருங்க.”

பழைய சாக்கெட்டைக் கழற்றினாள். புதியதைப் பொருத்தி, மீட்டரின் முனைகளை அதில் வைத்துக்கொண்டே கம்ப்ரசரை ஓடவிட்டாள். முள் சற்றே தாழ்ந்து, உறுதியாக நின்றது. பிளக்கைத் தொட்டுப் பார்த்தாள், குளிர்ந்திருந்தது. அவனையும் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அவன் விரல் அவள் விரலருகே வந்து, தயங்கி, பிளக்கை மட்டும் தொட்டு விலகிற்று.

கருவிகளைப் பையில் வைத்துக்கொண்டே, முகத்தைப் பாராமல் அவள் கேட்டாள்.

“மொத நாளே என்னைத் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க? நான் உங்களைத் திமிர் பிடிச்சவருன்னு நெனச்சேன்.”

அவன் கொட்டகைத் தூணில் சாய்ந்தான்.

“எங்க தொழில்ல ஒரு பழக்கங்க. யாரு வீட்டுக்கு வண்டி கொண்டுபோனோமோ, அவங்களை வெளிய பாத்தா நாங்களா முகம் குடுக்க மாட்டோம். கடைத்தெருவுல புள்ளைகளோட சிரிச்சுக்கிட்டு நிப்பாங்க. என்னைப் பாத்துட்டா அந்த நாளு திரும்பி வந்துடும். அதுக்கு நான் ஏன் காரணமாவணும்?”

“வண்டிய எங்க கடைக்குக் கொண்டாராததும்...?”

“அதுக்குத்தான். அண்ணன் பொழப்பு நடக்கற இடம் வேற.”

“சரி... ‘வரேன்’னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? எங்க அண்ணி இன்னும் அதையே சொல்லிக்கிட்டிருக்காங்க.”

அவன் சிரித்தான். முதன்முறையாகச் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்புக்குக் கீழே ஓர் ஆழம் இருந்தது.

“அதை எப்படிங்க சொல்றது? நான் திரும்பி வரணும்னு எந்த வீட்டுல நெனப்பாங்க? சொல்லாமப் பழகிப் பழகி... இப்ப எங்க அக்கா வீட்டுக்குப் போனாக்கூட வாயில வர மாட்டேங்குது. அவ திட்டுவா. ‘உனக்குப் பொண்ணு கெடைக்காததுக்கு வண்டி காரணமில்லடா, உன் வாய்தான் காரணம்’னு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது; உடனே கண்ணில் நீரும் வந்தது. பின்கதவின் வழியே விளக்கைப் பார்த்தாள். அவன் பார்வையும் அங்கேயே சென்றது.

“அன்னிக்கு நீங்க ஒரே வார்த்தைதான் சொன்னீங்க. ‘எங்கப்பாவுக்கு இருட்டு ஆகாது.’ கொண்டையிலேருந்து அதை உருவி, விளக்கைக் கழட்டி, வயரைச் சொரண்டி டேப்பைச் சுத்தினீங்க. எல்லாரும் அழுதுக்கிட்டு நிக்கறாங்க... உங்க கை மட்டும் நடுங்கல. அதுக்கப்புறம் யாரைக் கொண்டுபோனாலும் அந்த விளக்கைப் போடாம நான் வண்டிய எடுக்கறதில்ல.” சற்றுத் தயங்கினான். “டேப்பு பழசாயிடுச்சு. மாத்தியிருக்கணும். மனசு வரல. அதுல உங்க கை இருக்கு...”

சொல்லிவிட்ட பிறகுதான் தான் சொன்னது இன்னதென்று அவனுக்கே உறைத்தது போலும். சிவந்த முகத்தோடு துணியை எடுத்து, முன்பே பளபளத்த கண்ணாடியை மறுபடியும் துடைக்கத் தொடங்கினான்.

டெஸ்டர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். அப்பாவின் விளக்கைத் தான் மட்டும்தான் அணையாமல் வைத்திருக்கிறோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாளே... இன்னொருவரும் ஏற்றிக்கொண்டிருக்கிறார். பெயர் தெரியாத எத்தனையோ அப்பாக்களுக்கு, அம்மாக்களுக்கு...

“ஒரு நாள் கடைக்கு வாங்க” என்றாள் மெல்ல.

“அது சரிப்படாதுங்க.”

அவள் மனம் வைத்த இடம் இன்னதென்று வீட்டில் தெரிவதற்கு அதிக காலம் ஆகவில்லை. சாலையில் அமரர் ஊர்தியின் அருகே அவள் மண்டியிட்டிருந்ததை அண்ணனின் வாடிக்கையாளர் ஒருவர் பார்த்திருந்தார். இரவு உணவுக்கு அமர்ந்தபோது அண்ணன் கேட்டான். அவள் எதையும் மறைக்கவில்லை. பிடித்திருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை.

“ஊர்ல வேற ஆளே இல்லையா?” அண்ணனின் குரல் உயர்ந்தது. “அந்த வண்டி நம்ம வாசல்ல நின்னா எவன் டயர் மாத்த வருவான்? நாலு பேரு என்ன பேசுவாங்க?”

“அந்த நாலு பேரா வந்து இவளுக்குச் சமைச்சுப் போடறாங்க?” என்று அண்ணி குறுக்கிட்டாள். “நீங்க கொண்டாந்த வரனை எல்லாம் இவ வேணாம்னா. இப்பதான் ஒருத்தரைப் புடிச்சிருக்குங்கறா.”

“நீ சும்மா இரு. உனக்கென்ன தெரியும்?” தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். கதவருகே சென்றதும் நின்றான். திரும்பாமலே பேசினான். இம்முறை குரலில் கோபமில்லை, உடைந்திருந்தது. “அந்த வண்டியத் தூரத்துல பாத்தாலே எனக்கு அப்பா போற மாதிரி இருக்கும்மா. அதை ஓட்டினவரு தினமும் நம்ம வீட்டுக்குள்ள வந்தா... நான் எப்படித் தாங்குவேன்?”

அவன் தள்ளிவிட்ட தட்டை அவள் எடுத்து மூடிவைத்தாள். பிறர் பேச்சென்றால் எதிர்த்துப் பேசியிருப்பாள். இது அண்ணனின் துயரம். தந்தைக்குப் பின் தன்னைத் தாங்கிய தோள். அந்தத் தோளை மிதித்துக்கொண்டு தன் சுகத்தை எட்டிப்பிடிக்க அவளால் ஆகாது. ஆனால் அந்தக் கண்களை மறப்பதும் ஆகாது... அடுத்து வந்த நாள்களில் மேசையில் கருவிகள் ஓடின, நின்றன. அவள் கொட்டகைப் பக்கம் போகவில்லை. புதிய சாக்கெட் ஒன்றை வாங்கி மேசையில் பொருத்தினாள். இனி எந்தப் பிளக்கையும் அவள் தாண்டிச் செல்வதாக இல்லை.

மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு மாலையில் அவன் வந்தான். நடந்து வந்தான். கையில் சுருட்டி வைத்த கிளிப் வயர். முன்கடையில் அண்ணன் ஒருவனே இருந்தான். பின்கட்டு வாசலில் டெஸ்டர் கைவேலையோடு நின்றுவிட்டாள். மாடிப்படியில் அண்ணியின் காலடி ஓசையும் நின்றது.

“உங்க தங்கச்சியோட வயருங்க. என் வண்டியிலயே தங்கிடுச்சு.” வாசலுக்கு வெளியே நின்றவாறே நீட்டினான். வழக்கம்போல் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

அண்ணன் வயரை வாங்கிக்கொண்டான். வாங்கிய கை அப்படியே நின்றது. நெடுநேரம் அவன் எதிரிலிருந்தவனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பின்பு, யாரும் எதிர்பாராத ஒன்றைக் கேட்டான்.

“அன்னிக்கு... நான் பின்னாடி வேற வண்டியில வந்தேன். சிக்னல்ல மாட்டிக்கிட்டேன். உங்க வண்டி கண்ணுக்கு மறைஞ்சு போச்சு.” வயரை விரலில் சுற்றினான். “அந்த விளக்கு... கடைசி வரைக்கும் எரிஞ்சுதாப்பா? நடுவுல அணைஞ்சிடலையே?”

ஓட்டுநர் நிமிர்ந்தான். எந்த வீட்டாரிடமும் தானாக முகம் கொடுக்காத அவன், அண்ணனின் கண்களை நேராகப் பார்த்தான்.

“அணையவே இல்லீங்கண்ணே. நானும் கண்ணாடியில பாத்துக்கிட்டேதான் ஓட்டினேன். அப்பாவை இறக்கற வரைக்கும் எரிஞ்சுது.”

அண்ணன் தலையசைத்தான். மீண்டும் மீண்டும் அசைத்தான். அருகிலிருந்த டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து, எண்ணெய்க் கறை படிந்த கையால் முகத்தை மூடிக்கொண்டான். தந்தை போன நாளில்கூட அவன் அழுததை டெஸ்டர் பார்த்ததில்லை. இப்போது தோள்கள் குலுங்கின. அவள் ஓடிச்சென்று அவன் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். “கேக்கணும் கேக்கணும்னே இருந்தேம்மா... யாருகிட்ட கேக்கறதுன்னு தெரியல” என்றான் அண்ணன்.

ஓட்டுநர் ஓசைப்படாமல் பின்வாங்கினான். துயரம் நிகழும் இடத்திலிருந்து எப்படி விலகவேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். படியிறங்கித் தெருவில் கால் வைத்தான்.

“ஏங்க...”

டெஸ்டரின் குரல். அவன் நின்றான்.

“சொல்லிட்டுப் போங்க.”

மெல்லிய தூறல். அவன் திரும்பினான். உதடு அசைந்தது, ஒலி எழவில்லை. எத்தனையோ வாசல்களில் விழுங்கிய சொல் அல்லவா? அவள் காத்திருந்தாள். அவன் கண்கள் அண்ணனை நாடின. அண்ணன் ஈரமான முகத்தோடு நிமிர்ந்து பார்த்தான், தடுக்கவில்லை. பிறகு அவன் கண்கள் அவளிடம் வந்து நின்றன... தாழாமல், விலகாமல்.

“வரேன்” என்றான்.

“வாங்க” என்றாள் அவள்.

தெருமுனையில் அவன் மறையும்வரை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தனர். மாடிப்படியில் அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஒருவழியா முத்து கொட்டிடுச்சு” என்று முணுமுணுத்தாள். சரிந்திருந்த கூந்தலை டெஸ்டர் நிதானமாக முறுக்கிக் கொண்டையிட்டாள். அண்ணனின் கையிலிருந்த வயரை வாங்கிச் சுருட்டினாள். பின்பு, அவன் அருகிலேயே உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

“அண்ணா, நான் அவரைத்தான் கட்டிக்கப்போறேன்.”